‘ஆபீஸ்’ முதல் ‘பசுமைப் பட்டாசு’ வரை: கூட்டுச் சொற்றொகுப்பின் வரலாறும் சிவகாசி வட்டாரத் தொழிற்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் புதுச்சொற்களைப் பலர் கூடித் தொகுக்கும் முயற்சி இணையத்தோடு தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாண மருத்துவக் கல்வியிலும் 1916ஆம் ஆண்டின் சேலம் சங்கத்திலும் 1930களின் சொல்லாக்க மாநாட்டிலும் அதன் முன்வடிவங்கள் உள்ளன. தமிழ் விக்சனரி முதலிய இணைய அகராதிகள் பங்கேற்பை எல்லோருக்கும் திறந்துவிட்டபோதும், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் நிகரன் காணும் பழைய குழுமுறையையே தம் அடிப்படையாகக் கொண்டன என்பதையும், அதனால் விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிலின் சொற்கள் போன்றவை நுழைவதற்கு வழி குறுகிற்று என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: கூட்டு அகராதி, கலைச்சொல்லாக்கம், தமிழ் விக்சனரி, கரிசல் வட்டார வழக்கு, பட்டாசுத் தொழில், பொருள்மாற்றம்.

முன்னுரை

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிச் சிற்றூர்களில் ஒரு பெண் ‘ஆபீசுக்குப் போகிறாள்’ என்றால், அவள் எழுத்தர் வேலைக்குச் செல்கிறாள் என்று பொருளன்று. தீப்பெட்டித் தொழிற்கூடம் அங்கே ‘தீப்பெட்டி ஆபீஸ்’. பட்டாசு ஆலை ‘பயர் ஆபீஸ்’ அல்லது ‘பட்டாசு ஆபீஸ்’. கலைச்சொல் பட்டியல் ஒவ்வொன்றிலும் ‘ஆபீஸ்’ என்பதற்கு நேராக ‘அலுவலகம்’ நிற்கிறது. அந்த நிகரனை இவ்வட்டார வழக்கில் இட்டு நிரப்பினால் ‘பட்டாசு அலுவலகம்’ என்னும் பொருளற்ற தொடரே கிடைக்கும். இரவற்சொல்லாக வந்த ‘ஆபீஸ்’ இங்கே தன் பழைய பொருளைக் கைவிட்டு, வானம் பார்த்த பூமியில் மழையை நம்பாமல் கூலி கிடைக்கும் இடம் என்ற பொருளை ஏற்றது எனக் கருதலாம். அது பிழைவழக்கு ஆகாது. ஒரு வட்டாரம் தனக்கென மறுபடைப்புச் செய்துகொண்ட சொல்லாகும்.

இத்தகைய சொல் ஒரு கூட்டு அகராதிக்குள் எவ்வழியாக நுழையும்? இவ்வினாவுக்கு விடை காண, கூட்டுச் சொற்றொகுப்பு தமிழில் வந்த பாதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண வேண்டியுள்ளது.

குழுக்களின் காலம்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை வளர்த்தார். தம் மாணாக்கரின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அவர், சொல்லாக்கத்திற்கு ஒரு வரிசைமுறையைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டா என நோக்குதல். இல்லையேல் வடசொல்லை நாடுதல். அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல். இவ்வரிசையின் முதற்படி கவனிக்கத்தக்கது. சொல்லை ஆக்குவதற்கு முன் சொல்லைத் தேடுவதே முறை என அது கொள்கிறது.

1916இல் சேலத்தில் சி. இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் முன்னின்று தமிழ்ச் சாத்திரீயப் பரிபாஷைச் சங்கத்தைக் கண்டு, அதற்கென ஓர் இதழையும் நடத்தினர். சொற்பட்டியல்களை அச்சிட்டு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும் நடைமுறை இங்கே உருவாயிற்று. 1930களில் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோரின் முயற்சியால் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அப்பணியைத் தனித்தமிழ் நோக்கில் மேற்கொண்டது. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938இல் ‘கலைச்சொற்கள்’ நூலாயிற்று. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு, வடசொற் சார்புடையது எனத் தமிழ் அமைப்புகளின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இந்தப் பூசலின் விவரம் பலராலும் எழுதப்பட்டிருப்பதால் இங்கே விரிக்கத் தேவையில்லை.

இப்பூசலில் இருதரப்பும் வடசொல்லா தமிழ்ச்சொல்லா என வழக்காடின. ஆனால் வினாவின் வடிவத்தில் அவற்றுக்கிடையே வேறுபாடில்லை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் வெற்றிடம், அதனை நிரப்புவது அறிஞர் கடமை என்பதே இருவருக்கும் பொதுவான அமைப்பு. பள்ளிப் பாடநூல் அன்றைய தேவையாக இருந்ததால் அவ்வமைப்பு இயல்பானதே. ஆயினும் கிறீனின் முதற்படி, அதாவது வழக்கில் என்ன உள்ளது என்று கேட்பது, இப்பட்டியல்களில் மெல்ல மெல்ல ஓரம் போயிற்று. அந்நாளிலேயே சிவகாசியில் ஒரு புதுத்தொழில் தன் சொற்களை ஆக்கத் தொடங்கியிருந்தது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யக் கற்றுத் திரும்பி, 1923இல் தொழிலைத் தொடங்கினர். 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசு உற்பத்தி உரிமம் பெற்ற தொழிலாக அங்கு நிலைபெற்றது. சாஸ்திரியார் குழுவின் ஆண்டும் அவ்விதிகளின் ஆண்டும் ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆனால் வேதியியலுக்குத் தமிழ்ச்சொல் எது என்று சென்னையில் வாதம் நடந்த காலத்தில், வேதிப்பொருள்களைக் கையால் கலந்தவர்கள் அவற்றை வேறு பெயர்களால் அழைத்துக்கொண்டிருந்தனர்.

கரிசலில் தோன்றிய மாற்றுமுறை

வினாவைத் திருப்பிப் போட்ட முயற்சி, விருதுநகர் மாவட்டத்தின் தென்னெல்லையை ஒட்டிய கரிசல் நிலத்திலிருந்தே வந்தது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளியாயிற்று. பல்கலைக்கழகத்துறை எதனையும் சாராமல், நண்பர்களின் துணையோடு ஓர் எழுத்தாளர் தொகுத்த நூல் அது. இங்கே இடப்பக்கத்தில் நிற்பது ஆங்கிலச் சொல் அன்று. கரிசற்காட்டில் மக்கள் சொல்லும் சொல். வலப்பக்கத்தில் நிகரன் இல்லை, விளக்கம் உள்ளது. அ.கா. பெருமாள் நாஞ்சில் நாட்டுக்கும், பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் பின்னர்த் தொகுத்தளித்த அகராதிகள் இம்மரபில் வருவன.

தொல்காப்பியம் திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்கிறது என்பதை நினைவிற்கொண்டால், வட்டார வழக்கு அகராதி மரபுக்குப் புறம்பானதன்று என்பது விளங்கும். எனினும் கி.ரா.வின் அகராதிக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் உயிர்நாடி உழவும் கால்நடையும் ஊர்வாழ்வும் ஆகும். அதே கரிசல் மண்ணில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றியிருந்த தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் சொற்களஞ்சியத்துக்கு இத்தகைய தனித்தொகுப்பு ஒன்று தேவைப்பட்டது.

இம்மாவட்டத்தோடு தொடர்புடைய மற்றோர் அகராதி ஆளுமை தேவநேயப் பாவாணர். இராசபாளையத்தை அடுத்த முறம்பில் இளமையில் ஆசிரியப் பணியாற்றிய அவர், 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநரானார். பாவாணரின் வினா ‘இச்சொல்லின் வேர் எது’ என்பது; கி.ரா.வின் வினா ‘இதை யார், எங்கே, எப்படிச் சொல்கிறார்கள்’ என்பது. ஏறக்குறைய ஒரே நிலப்பரப்போடு உறவுடைய இருவரின் வினாக்களும் எதிரெதிரானவை அல்ல. ஆனால் அரசு நிறுவனமாக வளர்ந்தது முதல்வினா மட்டுமே.

இணையத்தில் நேர்ந்தது

ஆங்கில விக்சனரி 2002 டிசம்பரில் தொடங்கியது. தமிழ் விக்சனரி 2004இல் தொடங்கிற்று. எவரும் பதிவிடலாம், எவரும் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தத்தின் வரலாறும் பதிவாகும் என்னும் அதன் விதிகள், தமிழ் அகராதியியலில் முன்னெப்போதும் இல்லாதவை. 1879இல் ஆக்சுபோர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மரே பொதுமக்களிடம் விடுத்த வேண்டுகோள், மேற்கோள் சீட்டுகளைப் பல்லாயிரக்கணக்கில் வரவழைத்தது. ஆனால் அங்கே மக்கள் சீட்டுகளை அனுப்பினர், முடிவைப் பதிப்பாசிரியர் எடுத்தார். விக்சனரியில் அவ்விடைவெளியும் நீங்கிற்று.

தமிழ் விக்சனரியின் பதிவுகள் மூன்று லட்சத்தைக் கடந்தன. இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு முதன்மையானது. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்புகள் தானியங்கி நிரல்களின் வழியே மொத்தமாக ஏற்றப்பட்டன. தன்னார்வலர்களின் உழைப்பும் தொழில்நுட்பத் திறனும் பாராட்டுக்குரியவை. அவை இல்லையேல் அத்தொகுப்புகள் பொதுவெளியில் இவ்வளவு எளிதாகக் கிடைத்திரா. ஆனால் ஏற்றப்பட்டவை குழுக்கள் ஆக்கிய பட்டியல்கள். ஆகவே ஆங்கிலத் தலைச்சொல், அதற்குத் தமிழ் நிகரன், துறைப்பெயர் என்னும் மூன்று கூறுகளே பெருந்தொகையான பக்கங்களின் உள்ளடக்கமாயின. எடுத்துக்காட்டுத் தொடர், வழங்கும் இடம், வழங்குவோர், காலம் ஆகிய இடங்கள் வெறுமையாக நின்றன. வாயில் அனைவருக்கும் திறந்திருந்தது. உள்ளே இருக்கைகள் சேலத்தில் வரையப்பட்ட அமைப்பிலேயே போடப்பட்டிருந்தன.

அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் ‘சொற்குவை’ இணையத்தளம் இதற்கு அரசுத்தரப்பின் இணை. புதுச்சொல்லை வல்லுநர் குழு ஏற்று வெளியிடும் முறை அதனுடையது. தரப்படுத்தலுக்கு அது பயன்படும். எனினும் வல்லுநர் குழுவின் முன் ‘பயர் ஆபீஸ்’ வந்தால் அதற்கு என்ன தீர்ப்புக் கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நாக்பூரும் குத்தகையும்

பட்டாசுத் தொழிற்சொற்களில் பொருள்மாற்றம் பெற்றவை சிலவற்றை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகும்.

‘நாக்பூர்’ ஓர் ஊர்ப்பெயர். சிவகாசி வட்டாரத்தில் அது ஆலையின் தரத்தைக் குறிக்கும் அடைமொழியுமாகும். பெரிய ஆலைகள், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடமிருந்து உரிமம் பெறுகின்றன. அடுத்த நிலையில் உள்ளவை சென்னை அலுவலகத்திடமிருந்தும், சிறியவை மாவட்ட வருவாய் அலுவலரிடமிருந்தும் பெறுகின்றன. எனவே ‘நாக்பூர் உரிமம்’, ‘சென்னை உரிமம்’, ‘டி.ஆர்.ஓ. உரிமம்’ என்னும் தொடர்கள் செய்தித்தாள் வரையிலும் வந்துவிட்டன. ஓர் ஆலை எந்த அளவு வெடிபொருளைக் கையாளலாம், எத்தனை அறைகள் கொண்டிருக்கலாம் என்பதையெல்லாம் அந்த ஊர்ப்பெயர் ஒன்றே கேட்பவருக்கு உணர்த்துகிறது. இடப்பெயர் ஆகுபெயராகி வகைப்பெயரானதற்கு இது நல்ல சான்று. ஆங்கிலத் தலைச்சொல்லில் தொடங்கும் எந்தப் பட்டியலிலும் இது அகப்படாது. ஏனெனில் இதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லே இல்லை.

‘உள்குத்தகை’ என்பதும் இத்தகையதே. குத்தகை நிலத்துக்குரிய சொல். உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைப் பிரித்துப் பிறரிடம் விடும் வழக்கத்தை அது இங்கே குறிக்கிறது. கரிசல் உழவரின் சொல், கந்தகம் மணக்கும் அறைக்குள் வந்து சேர்ந்தது. அது விதிமீறலாகக் கருதப்படுவதாலும், விபத்தின்போது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அச்சொல்லைச் சுற்றியே எழுவதாலும், அதன் பொருளை வரையறுப்பது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது.

விளக்குக்குரிய ‘திரி’ வெடியின் பற்றுமுனை ஆனதும் அவ்வாறே. மருந்தேற்றிய ‘கருந்திரி’ ஆலைக்கு வெளியே வீடுகளில் அனுமதியின்றிச் செய்யப்படும்போது, அது வழக்குக்குரிய பொருளாகிறது. காவல்துறைச் செய்திகளில் அச்சொல் அடிக்கடி தோன்றுகிறது.

மருந்து

இவை அனைத்திலும் கனமான சொல் ‘மருந்து’. நோய் தீர்ப்பதும் வெடிப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது தமிழுக்குப் புதிதன்று. ‘வெடிமருந்து’ பழைய சொல். ஆனால் ஆலைக்குள் அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல் என அது தொழில்வினைகளின் பெயராகிறது. வானில் சிதறி ஒளிரும் ‘பேன்சி’ வகைகளுக்கென உருண்டையாக்கப்படும் கலவை ‘மணிமருந்து’ எனப்படும்.

இச்சொல் அச்சில் எப்போது தோன்றுகிறது என்று நோக்கினால், விடை துயரமானது. ‘மணிமருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு’ என்பது போன்ற அமைப்பில், பெரும்பாலும் விபத்துச் செய்தியிலேயே அது தென்படுகிறது. ‘உராய்வு’ என்னும் இயற்பியற் கலைச்சொல் குழுக்களின் வழியே பாடநூலுக்கு வந்து, அங்கிருந்து பொதுவழக்கில் இறங்கிய ஒன்று. அதுவும் இம்மாவட்டத்தில் விபத்தின் காரணப்பெயராகவே ஊரறிந்த சொல்லாயிற்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்ட வெடிவிபத்துக்கும் அதன் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கும் பின் எழுதப்பட்ட செய்திகளே இத்தொழிற்சொற்களுக்குக் கிடைக்கும் எளிய அச்சுச் சான்றுகள். ஒரு தொழிலின் சொற்கள் அத்தொழிலாளர் இறக்கும்போது மட்டுமே எழுத்தில் ஏறுகின்றன என்றால், அச்சுச் சான்றை மட்டும் நம்பும் அகராதி அச்சொற்களுக்கு விபத்தையே பொருளாக எழுதிவிடும்.

இதில் நடைமுறைக் கேடும் உண்டு. வெடிபொருள் சட்டம் 1884ஆம் ஆண்டினது. இப்போது நடப்பிலுள்ள விதிகள் 2008ஆம் ஆண்டின. இரண்டும் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவை. அவற்றின் தமிழாக்கம் ‘வெடிக்கலவை’ என்றால், வேலையறையில் இருப்பவர் ‘மருந்து’ என்கிறார். கூலிப்பட்டியலும் எச்சரிக்கைப் பலகையும் நீதிமன்ற வாக்குமூலமும் வெவ்வேறு சொற்களில் பேசுகின்றன. இவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் பதிவு ஓர் அகராதியின் கடமையாகும். அதற்குக் குழுவின் சொல்லும் வேண்டும், ஆலையின் சொல்லும் வேண்டும்.

பசுமையும் பச்சையும்

அண்மைக் காலப் புதுச்சொல் ‘பசுமைப் பட்டாசு’. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு குறைந்த பட்டாசுகளுக்கு மட்டும் இசைவளித்துப் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. மத்திய அறிவியல் ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்த நாக்பூரின் நீரி நிறுவனம் மாற்றுக் கலவைகளை வகுத்தது. நுண்துகள் வெளியீட்டை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைப்பது அவற்றின் இலக்கு. ‘நாக்பூர்’ என்ற சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் இன்னொரு கனமும் சேர்ந்தது.

தொழிலறிந்தோருக்கு இச்சொல்லில் ஒரு முரண் புலப்படும். பட்டாசில் சுடருக்குப் பச்சைநிறம் தந்துவந்தது பேரியமே. பேரியம் விலக்கப்பட்ட பட்டாசே ‘பசுமை’ எனப்படுகிறது. அதாவது, பழைய முறையில் பச்சையாக எரிய இயலாதது பசுமைப் பட்டாசு. சுற்றுச்சூழல் துறையில் ‘பசுமை’ பெற்ற புதுப்பொருளும், மத்தாப்பின் பச்சை என்னும் கட்புலப் பொருளும் ஒரே கடை அடுக்கில் மோதிக்கொள்கின்றன. மேம்படுத்திய கலவையில் பேரியத்தைப் பயன்படுத்த விடுக்கப்பட்ட வேண்டுகோளையும் 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதால் இம்முரண் நீடிக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த பட்டாசு’ என்று மட்டும் பொருளெழுதும் பதிவு, கம்பி மத்தாப்பு செய்யும் தொழிலாளிக்கு அச்சொல் கொணர்ந்த வேலையிழப்பையும் மறைக்கும். 30 விழுக்காடு என்னும் அளவு ‘மாசற்றது’ ஆகாது என்பதையும் மறைக்கும்.

அதே தீர்ப்பு ‘ஜாயின்ட் கிராக்கர்ஸ்’ என்றும், வடபுல வழக்கில் ‘லரி’ என்றும் குறித்து விலக்கியது தமிழில் ‘சரவெடி’. சரம் பூவுக்கும் வெடிக்கும் பொது. சட்டப்பொருளில் சரவெடி 2018 முதல் விலக்கப்பட்ட பொருள். பேச்சுவழக்கில் இன்றும் தீபாவளியின் பெயர். திரைச்செய்தியிலும் அரசியல் மேடையிலும் தொடர்ந்து வெளுத்துவாங்கும் பேச்சு. மூன்று பொருளுக்கும் ஆண்டு, இடம், சான்று குறித்து எழுதினாலொழிய அப்பதிவு பயன்படாது.

சான்று என்னும் சிக்கல்

ஆங்கில விக்சனரி, நன்கு ஆவணப்பட்ட மொழிகளில் ஒரு சொல்லை ஏற்க, ஓராண்டுக்குக் குறையாத கால இடைவெளியில் அமைந்த மூன்று தனித்தனி மேற்கோள்களை எதிர்பார்க்கிறது. தன் ஆக்கங்களைத் தானே புழக்கத்தில் விட முயல்வோரைத் தடுக்க அவ்விதி வேண்டியதே. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992 முதல் மூன்று பதிப்புகளிலும் சமகால எழுத்து வழக்கைச் சான்றாகக் கொண்டு பொருள் வரையறுத்தது, தமிழில் இத்தகைய ஒழுங்கு இயலும் என்பதைக் காட்டியது. எழுத்தில் அரிதாகவே ஏறும் தொழிற்சொற்களுக்கு இவ்வளவுகோல் குறுகலானது. விக்கிமீடியா திட்டங்களில் ஒலிப்பதிவைச் சேர்க்கும் வசதி உள்ளது. ஓர் ஒலிக்கோப்பு, பதிவான ஊர், தொழிற்பிரிவு, நாள் ஆகியவற்றுடன் அமைந்தால் அதை மேற்கோளுக்கு இணையாக ஏற்பதில் தடையிருக்க வேண்டியதில்லை. பேசியவரின் பெயர் வேண்டுவதில்லை; உள்குத்தகையைப் பற்றிப் பேசும் தொழிலாளியின் பெயரைப் பொதுவெளியில் இடுவது அவருடைய வேலைக்கே கேடாகலாம்.

தலைச்சொல் எம்மொழியில் அமைய வேண்டும் என்பதும் இங்கு முடிவுசெய்யப்பட வேண்டியது. ‘ஆபீஸ்’ என்னும் தமிழ் எழுத்துத் தலைச்சொல்லின்கீழ், 1. அலுவலகம், 2. (விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசல் வட்டாரம்) தீப்பெட்டி அல்லது பட்டாசு ஆலை, என இருபொருள் எழுதுவது அகராதியியல் நோக்கில் எளிய செயல். அதை யாரும் இன்றே செய்யலாம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் இவ்வாலைகளுக்குச் சென்றுவந்த பெற்றோரின் பிள்ளைகள் ஆண்டுதோறும் பயில்கின்றனர். இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் களப்பணியாக வீட்டில் வழங்கும் பத்துச் சொற்களைப் பதிவுசெய்தால், ஒரு வகுப்பே ஒரு பருவத்தில் சில நூறு பதிவுகளைத் தரும். மூத்தோர் சொல்லும் பழைய வெடிவகைப் பெயர்களும், சரவெடித் தடைக்குப் பின் கைவிடப்பட்ட வேலைப்பிரிவுகளின் பெயர்களும் அவற்றுள் முதலில் எடுக்கத்தக்கவை. அவ்வேலைகளைச் செய்த கைகள் ஓய்ந்துவருகின்றன.